கண்ணுள்ள கார் வந்துவிட்டது. சாலையில் கோடு எங்கே?

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் செல்பவர்கள் திருக்கழுக்குன்றம் வழியாகப் போவது வழக்கம். தூரம் சுமார் 30 கிலோமீட்டர். வழியில் ஏரி வரும், வயல் வரும், கோயில் வரும். ஆடும் மாடும் வரும். வரக்கூடாத பக்கத்திலிருந்து மோட்டார் சைக்கிளும் வரும். மாமல்லபுரத்தை நெருங்கினால் சிற்பக் கூடங்களின் உளிச் சத்தமும் கல் தூசியும் வரவேற்கும்.

செங்கல்பட்டுக்குச் சற்று வடக்கே, பரனூர் ரயில் நிலையத்தை ஒட்டி, மகிந்திரா உலக நகரம் இருக்கிறது. அங்கேயுள்ள ஆராய்ச்சி நிலையத்தில்தான் அந்தக் கம்பெனியின் புதுக் கார்கள் உருவாகின்றன. 2024 நவம்பரில் சென்னையில் அறிமுகம் செய்யப்பட்ட பி.இ. 6, எக்ஸ்.இ.வி. 9 இ என்ற இரண்டு மின்சாரக் கார்களும் அங்கே உருவானவை. அதே வளாகத்திலுள்ள ஜெர்மன் கம்பெனியான பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையிலும் 2025 முதல் ஒரு மின்சாரக் காரைப் பூட்டி அனுப்புகிறார்கள்.

பெட்ரோல் குடிக்காத கார் ஒன்று. டிரைவருக்கு உதவியாகத் தானே சாலையைப் பார்த்து, தானே பிரேக் போடும் கருவி மற்றொன்று. இரண்டும் இப்போது ஒரே காரில் சேர்ந்து வருவதால் இரண்டும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒன்று காரின் வயிற்றைப் பற்றியது. மற்றது காரின் கண்ணைப் பற்றியது. 2021-இல் இதே ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எக்ஸ்.யு.வி. 700 காருக்குக் கண் இருந்தது. ஆனால் அது குடித்தது பெட்ரோலும் டீசலும்தான்.

ஆகவே இரண்டையும் தனித்தனியே எடை போடுவதுதான் நியாயம்.

பழைய சங்கதிதான்!

மின்சாரத்தில் ஓடும் வண்டி சென்னைக்குப் புதிதல்ல. இந்தியாவின் முதல் மின்சார டிராம் 1895-இல் சென்னையில்தான் ஓடியது. 1953-இல் அது நின்றது. பெல்ஜியம் நாட்டவரான ஜெனாட்சி என்பவர் 1899-லேயே மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிக் காட்டினார். அவர் ஓட்டியது பெட்ரோல் கார் அல்ல, மின்சாரக் கார்!

பின் ஏன் தோற்றது? ஈயப் பாட்டரியின் பாரம்தான் காரணம். சுமக்கும் பாரம் அதிகம்; ஓடும் தூரம் குறைவு. 1991-இல் லித்தியம் பாட்டரி கடைக்கு வந்த பிறகே நிலைமை மாறத் தொடங்கியது. பி.இ. 6 காரில் 59 யூனிட், 79 யூனிட் என்று இரண்டு அளவில் பாட்டரி கிடைக்கிறது. வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான்.

லாபக் கணக்கு

நடுத்தர அளவுள்ள மின்சாரக் கார் 100 கிலோமீட்டர் ஓடுவதற்கு, சார்ஜ் ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய 17 யூனிட் தேவைப்படும். யூனிட் 10 ரூபாய் என்றே வைத்துக் கொள்வோம். 170 ரூபாய் ஆகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் கார், லிட்டர் 100 ரூபாய் விலையில், அதே தூரத்துக்குச் சுமார் 670 ரூபாயை விழுங்கிவிடும்.

கூடுவாஞ்சேரியில் காலை நெரிசலில் நிற்பவர்களுக்கு இன்னொரு லாபமும் உண்டு. பெட்ரோல் என்ஜின் நின்ற இடத்திலேயே எண்ணெயை எரிக்கும். மின்சார மோட்டார் அப்படிச் செய்யாது. பிரேக் போடும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரத்தைப் பாட்டரிக்குத் திருப்பியும் கொடுக்கிறது.

செங்கல்பட்டில் குடியிருந்து நாளொன்றுக்கு 60 கிலோமீட்டர் போய்வரும் ஒருவர் மாதம் 25 நாள் ஓட்டினால் 1,500 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு 10,000 ரூபாய். மின்சாரத்துக்கு 2,550 ரூபாய். ஆண்டுக்கு 90,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக மிச்சம். பி.இ. 6 காரின் விலை அறிமுகத்தின்போது 18 லட்சத்து 90 ஆயிரத்தில் தொடங்கியது. அதே அளவுள்ள பெட்ரோல் கார் சில லட்சம் குறைவு. தினமும் ஓட்டுகிறவர் அந்த வித்தியாசத்தைச் சில ஆண்டுகளில் எடுத்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்வருகிறவர் எடுக்கவே முடியாது. அவருக்குப் பழைய காரே போதும்.

இந்தக் கணக்கில் ஒரு பொடி இருக்கிறது. வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதன் பிறகு உபயோகம் ஏற ஏற யூனிட் விலையும் படிப்படியாக ஏறும். மேற்சொன்ன கார் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்கு மேல் கேட்கும். வீட்டில் ஏர்கண்டிஷன் மெஷினும் இருந்தால் மொத்தக் கணக்கும் மேல் படிக்குத் தாவிவிடும். இதைக் கார் விற்பவர்கள் அநேகமாகச் சொல்வதில்லை. வெளியே வேகமாகச் சார்ஜ் செய்யும் நிலையங்களில் வீட்டு விலையைப் போல் இரண்டு மடங்கு வரை ஆகலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்துக்கு மீட்டர் இல்லாதவர்களுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

புயல் வந்தால்?

மாமல்லபுரம் கரையில் வாழ்பவர்கள் கேட்கும் கேள்வி இது. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. புயல் என்றால் மின்சாரம் நிற்கும். மின்கம்பி சரிசெய்யப்படும் வரை மின்சாரக் காருக்குத் தீனி இல்லை. புயல் எச்சரிக்கை வந்தவுடன் வீட்டில் தண்ணீர் பிடித்து வைப்பது போலவே பாட்டரியையும் நிரப்பி வைத்துக் கொள்ள வேண்டியதுதான். சில மின்சாரக் கார்களிலிருந்து வீட்டு விளக்குக்கும் மின்விசிறிக்கும் மின்சாரம் எடுக்கலாம் என்பது ஓர் ஆறுதல்.

பாட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் புகாதா என்று பலருக்குப் பயம். பெரும்பாலான கார்களில் அது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும்படி மூடப்பட்டிருக்கிறது. மழை நீர் தேங்கிய தெருவைக் கடக்க அது போதும். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னைப் புறநகரில் கார்கள் வெள்ளத்தில் நாள்கணக்காக நின்றனவே, அதற்கு அந்தப் பரிசோதனை உத்தரவாதம் அல்ல.

புகை இல்லை என்பதும் பாதி உண்மைதான். தெருவில் புகை இல்லை. ஆனால் நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்து வருகிறது. கூடுவாஞ்சேரியில் குறையும் புகையில் ஒரு பகுதி எண்ணூரில் கிளம்புகிறது. அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் இந்த லாப நஷ்டம் வேறு விதமாக இருக்கும்.

தொழிலாளர் நிலைமை இன்னும் விசித்திரம். மறைமலை நகரில் ஃபோர்டு தொழிற்சாலை 2022-இல் கார் உற்பத்தியை நிறுத்தியது. 2025 அக்டோபரில் அதே ஃபோர்டு, 3,250 கோடி ரூபாய் செலவில் அங்கே மீண்டும் வேலை தொடங்கப் போவதாகவும் 2029-இல் உற்பத்தி ஆரம்பமாகும் என்றும் அறிவித்தது. என்ன உற்பத்தி? என்ஜின்! பரனூரில் என்ஜினே இல்லாத காரை வரைகிறார்கள். சில கிலோமீட்டர் தள்ளி என்ஜின் செய்யப் போகிறார்கள். பெட்ரோல் யுகம் நாளையே முடிந்துவிடும் என்று உலகத்தின் பெரிய கம்பெனிகள் நம்பவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கண் எப்படிப் பார்க்கிறது?

இனி கண்ணுக்கு வருவோம். முன் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு காமிரா. முன்பக்கத்தில் ஒரு ராடார். காமிரா வெள்ளைக் கோட்டையும் வண்டியையும் மனிதரையும் அடையாளம் காண்கிறது. ராடார், முன்னே போகும் வண்டி எவ்வளவு தூரத்தில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்கிறது. இரண்டும் சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டர் ஸ்டியரிங்கைத் திருப்பும், வேகத்தைக் குறைக்கும், அவசரத்தில் பிரேக் போடும்.

பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் ஆராய்ச்சி நிலையம் கணக்கெடுத்ததில், தானியங்கிப் பிரேக் உள்ள கார்கள் முன் வண்டியில் போய் மோதும் விபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்தைத் தாண்டியபின், கோடு தெளிவாக உள்ள இடங்களில் இந்தக் கண் நன்றாகவே பார்க்கும். அசதியில் ஒரு கணம் கண் மூடும் டிரைவருக்கு அது காவல்.

ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு வேடிக்கை நடக்கும். முன் வண்டிக்கும் தனக்கும் நடுவே கார் கண்ணியமாக இடைவெளி விடும். அந்த இடைவெளியில் ஓர் ஆட்டோ நுழையும். கார் மறுபடி பின்வாங்கும். இரண்டு மோட்டார் சைக்கிள் நுழையும். மரியாதை தெரிந்த கார் பின்னுக்குப் போய்க் கொண்டே இருக்கும்! திடீரென்று அது பிரேக் போட்டால், பின்னால் ஒட்டிக் கொண்டு வரும் பஸ்ஸுக்கு அந்தக் கண் இல்லையே என்பதுதான் கவலை.

திருக்கழுக்குன்றம் சாலையில் திரும்பினால் கதையே வேறு. கோடு இருக்கும் இடத்தில் இருக்கும். இல்லாத இடத்தில் இருக்காது. கோட்டைப் பார்த்து ஓட்டும் கருவிக்கு அங்கே வேலை இல்லை. வர்ணம் பூசாத வேகத்தடையும் அதற்குத் தெரியாமல் போகலாம். மழையிலும் தூசியிலும் காமிரா மங்கும். இன்னொரு குறையும் உண்டு. வேகமாகப் போகும்போது, அசையாமல் நிற்கும் பொருளைச் சாலையோரக் கம்பம் என்று ராடார் தள்ளிவிடக்கூடும். நம் நெடுஞ்சாலைகளில் இரவில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகளை நினைத்தால் இது சின்ன விஷயமல்ல.

2018 மார்ச்சில் அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில், தானே ஓடும் பரிசோதனைக் கார் ஒன்று சைக்கிளைத் தள்ளிக் கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணி மீது மோதிக் கொன்றது. கம்ப்யூட்டர் அவரை ஒரு கணம் வண்டி என்றது. மறு கணம் சைக்கிள் என்றது. நடை கடக்கும் இடமல்லாத இடத்தில் மனிதர் கடப்பார் என்று அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. காரில் காவலுக்கு உட்கார்ந்திருந்தவரும் சாலையைப் பார்க்கவில்லை. அந்த ஊரில் அபூர்வமாக நடப்பது நம் ஊரில் நிமிஷத்துக்கு நிமிஷம் நடக்கிறது.

2025 மார்ச்சில் சீனாவில் ஒரு மின்சாரக் கார், உதவிக் கருவியின் பொறுப்பில் ஓடிக் கொண்டிருந்து, டிரைவர் கையில் எடுத்த சில விநாடிகளில் தடுப்பில் மோதித் தீப்பற்றியது. மூன்று மாணவிகள் மாண்டார்கள். அடுத்த மாதமே, “தானே ஓடும் கார்” என்ற பாணியில் விளம்பரம் செய்யக்கூடாது என்று அந்நாட்டு அரசாங்கம் கம்பெனிகளை எச்சரித்தது. இந்தியாவில் டிரைவரே இல்லாத காருக்கு இடமில்லை என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-லும் 2023-லும் சொன்னார். அவர் சொன்ன காரணம் டிரைவர்களின் பிழைப்பு. எப்படியிருந்தாலும் இங்கே விற்கும் கார்களில் உள்ளது வெறும் உதவிதான். கார் தானாக ஓடியது என்று போலீஸாரிடம் சொல்லித் தப்ப முடியாது.

வாங்கியவர்கள் என்ன செய்யலாம்? அவசரப் பிரேக்கை எப்போதும் வேலை செய்ய விடலாம். கோடு பிடித்து ஓட்டும் கருவியை, கடற்கரைச் சாலையை விட்டுத் திரும்பியதும் நிறுத்தி வைப்பது நல்லது. காமிராவின் முன்னுள்ள கண்ணாடியைத் தினமும் துடைக்க வேண்டும்.

காருக்கு வெளியே இருப்பவர்கள்

2022-இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். மாண்டவர்கள் 17,884 பேர். அதே ஆண்டில் நாடு முழுவதும் சாலையில் இறந்தவர்களில் நூற்றுக்கு 44-க்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டிக்காரர்கள். 19-க்கு மேற்பட்டோர் நடந்து போனவர்கள். கண்ணோ 20 லட்ச ரூபாய்க் காருக்கு முதலில் வந்திருக்கிறது!

மின்சாரக் கார் சத்தமில்லாமல் வருவதும் இவர்களுக்குத்தான் ஆபத்து. மெதுவாகப் போகும்போது செயற்கையாகச் சத்தம் எழுப்பும் கருவியை 2026 அக்டோபரிலிருந்து புது மாடல்களில் கட்டாயமாக்க மத்திய அரசு 2025-இல் வரைவு வெளியிட்டது. அந்தக் காலத்தில் மாட்டு வண்டிக்குச் சலங்கை கட்டியதும் இதற்குத்தானே!

அதைவிட முக்கியமானது 2025 மார்ச்சில் வந்த இன்னொரு வரைவு. எட்டுப் பேருக்கு மேல் ஏற்றும் வண்டிகளுக்கும் பெரிய லாரிகளுக்கும் அவசரப் பிரேக், டிரைவர் தூங்கினால் எச்சரிக்கும் கருவி, கோடு தாண்டினால் எச்சரிக்கும் கருவி ஆகிய மூன்றும் 2026 முதல் படிப்படியாக வேண்டும் என்றது அது. கண் முதலில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். ஆனால் திருக்கழுக்குன்றம் சாலையில் ஆள் ஏற்றிச் செல்லும் ஷேர் ஆட்டோ அந்தக் கணக்கில் வராது.