குறிஞ்சிக்குரிய பொழுது

குறிஞ்சிக்குத் தொல்காப்பியர் வகுத்த பொழுது கூதிரும் முன்பனியும். இதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்திவிட்டு, மே மாதத்தில் உதகைக்கு ஓடிய கூட்டத்தில் நாமும் இருந்தோம். 2024இல் உயர்நீதிமன்றம் இ-பாஸ் விதிக்க நேர்ந்த நெரிசலில் நம் பங்கும் உண்டு.

சென்ற மார்கழியில்தான் திருந்தினோம். விடியலில் தலைகுந்தாப் புல்வெளி உறைபனியால் வெளுத்துக் கிடந்தது. வெயில் ஏறியதும் கரைந்துவிட்டது. அதைக் காணக் கையுறையும் கம்பளிக் காலுறையும் வேண்டும். பகலில் வெயில் சுடும். எனவே தடித்த ஒரே கோட்டைவிட, மெல்லிய உடைகளை அடுக்கி உடுத்துவதே நலம். தண்ணீருக்கு எவர்சில்வர் குப்பி போதும். நெகிழிப் புட்டிகளுக்கு அங்கே தடை. தோடர் பெண்கள் வெண்துணியில் செந்நூலும் கருநூலும் கொண்டு பின்னும் போர்வைக்காகப் பெட்டியில் சற்று இடம் விடுங்கள் (பேரம் பேசாதீர்கள்).

நாம் வியந்து நின்ற அந்தப் பனி தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் என்பதைத் தேநீர்க்கடைக்காரர் சொல்லித்தான் அறிந்தோம்.