பிள்ளைகளுக்கு மட்டுமா கோளரங்கம்?

கோளரங்கம் என்றால் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டும் இடம் என்றே பலரும் எண்ணுகின்றனர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. பள்ளி வாசலை மிதிக்காத பெற்றோருக்கு அதுவே முதல் வகுப்பறை.

1923 இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் கோளரங்கக் கருவி முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் 1988 இல் திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன், தம்பியின் ஆசைக்காகக் குடும்பத்தோடு அங்கே சென்றோம். விளக்குகள் அணைந்து குவிமாடத்தில் விண்மீன்கள் தோன்றியதும் தம்பி கைதட்டினான். அம்மாவோ தமிழ் விளக்கத்தை ஒரு சொல் விடாமல் கேட்டார். விடிவெள்ளியைப் பார்த்து நாற்று நடப் புறப்பட்டவர் அவர். "அது நட்சத்திரம் இல்லையாமே! பூமி மாதிரி அதுவும் சூரியனைச் சுத்துதாமே!" என்று வியந்தார். விளக்கம் ஆங்கிலத்தில் இருந்திருந்தால், அவருக்கு அது வெறும் வாணவேடிக்கையாகவே முடிந்திருக்கும்.

ஆனால் அந்த ஒருநாள் பயணத்துக்கு அப்பாவின் ஒரு வாரக் கூலி கரைந்தது. எல்லோராலும் அது இயலுமா? சிறிய தொலைநோக்கியிலேயே நிலவின் பள்ளங்களும் வியாழனின் நான்கு துணைக்கோள்களும் தெரியும். மாதம் ஒரு ஞாயிறு மாலை நம் கல்லூரி மைதானத்தில் ஊர்மக்களைக் குடும்பத்தோடு அழைத்து வானத்தைக் காட்டலாம். தமிழில் விளக்க மாணவர்கள் நாங்கள் ஆயத்தம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.