பக்கத்து மனையில் கட்டடம் வருது... உங்க தெருவை யாராவது கேட்டாங்களா?

ஒருநாள் காலையில் பக்கத்துக் காலி மனையில் ஜேசிபி வந்து நிற்கும். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வரும். "என்ன சார் வருது?" என்று ஒருவர் கேட்பார். "லாட்ஜாம்" என்பார் ஒருத்தர். "இல்லையே, அப்பார்ட்மென்ட்னு சொன்னாங்க" என்பார் இன்னொருவர். மதியத்துக்குள் போர்வெல் லாரியும் வந்துவிடும்.

திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கூட்டம் பெருகுகிறது. அதற்கேற்ப லாட்ஜ், அடுக்குமாடிக் குடியிருப்பு, பார்க்கிங் எல்லாம் வரத்தான் செய்யும். கட்டடமே வரக் கூடாது என்று சொல்லவில்லை. வரப்போகும் தகவல் அந்தத் தெருவுக்கு ஏன் கடைசியாக வருகிறது என்பதுதான் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி ஒரு ஊருக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) தயாரித்தால், மக்கள் ஆட்சேபம் சொல்ல குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும். ஆனால், தனி ஒரு கட்டடத்துக்கு அனுமதி தரும்போது அக்கம்பக்கத்தாரைக் கேட்டாக வேண்டும் என்ற நடைமுறை இங்கு இல்லை. 20,000 சதுர மீட்டர் அளவுக்குப் பெரிய கட்டடமாக இருந்தால் சுற்றுச்சூழல் அனுமதி தேவை. அதிலும் பொதுவாகக் கட்டடத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு உண்டு.

சிறிய வீடுகளுக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனில் உடனடி அனுமதி கிடைக்கும். சொந்த வீடு கட்ட லோன் போட்டு அலைந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. அதைக் குறை சொல்ல எதுவுமில்லை. பிரச்சினை அதைவிடப் பெரிய, வணிக நோக்கிலான கட்டடங்களில்தான்.

கோர்ட் மட்டும்தான் வழியா?

முன்கூட்டியே கேட்காததால் என்ன ஆகிறது? எல்லாம் கோர்ட்டுக்குப் போகிறது. அருணாசலேஸ்வரர் கோயில் ராஜகோபுரத்துக்கு முன்பாக வணிக வளாகம் கட்டும் திட்டம் 2023-இல் எதிர்ப்பைச் சந்தித்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போன பிறகே அரசாணை திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முன், கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்ட விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

சண்டிகரில் ஒற்றை வீடுகளை அடுக்குமாடிகளாகப் பிரிப்பதை எதிர்த்து ஒரு குடியிருப்போர் நலச் சங்கம் உச்ச நீதிமன்றம் போய், 2023 ஜனவரியில் வென்றது. நல்லதுதான். ஆனால், வக்கீல் வைக்க வசதியுள்ள சங்கத்துக்குத்தான் அது முடியும். நம்ம தெருவில் மாதச் சந்தா வசூலிக்கவே செயலாளர் நாலு தடவை நடக்க வேண்டியிருக்கிறதே!

மலை மறக்க விடாது

2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகர் மலைச்சரிவில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

அந்தச் சரிவில் வசிப்பவர்கள் வேறு இடம் கிடைக்காமல் அங்கே குடியேறிய எளிய மக்கள். அவர்களைக் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. ஆனால், மழைத் தண்ணீர் எந்த வழியாக இறங்கும், எந்த ஓடை எங்கே அடைபட்டது என்பது அந்தந்தத் தெருவில் வாழ்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். இந்த அறிவு வரைபடத்தில் இருக்காது. அதைக் கேட்டு எழுதிவைக்க ஓர் இடம் வேண்டும்.

சங்கமே முடிவெடுக்கலாமா?

கூடாது. நம்ம சங்கங்களின் லட்சணமும் நமக்குத் தெரியும். சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும் உறுப்பினர் அட்டை; வாடகைக்கு இருப்பவர் கூட்டத்துக்கே வர முடியாது. "பேச்சிலர்ஸ் வேண்டாம்", "ஹாஸ்டல் வந்தா தெரு கெட்டுப்போகும்" என்று ஆரம்பித்து, சாதியையும் சாப்பாட்டையும் விசாரிப்பதில் போய் நிற்கும். அப்படிப்பட்ட கையில் தடுக்கும் அதிகாரம் தந்தால், ஏழைகளுக்கான குடியிருப்புதான் முதலில் தடுக்கப்படும்.

அதனால் கருத்து சொல்லும் இடம் ஏரியா சபையாக இருக்கட்டும். 2022 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முதலாகக் கூடிய சபைகள் இவை. கவுன்சிலர் தலைமையில் நடக்கும் இந்தக் கூட்டத்தில் வாடகைக்காரரும், சரிவில் குடியிருப்பவரும், பூக்கடைக்காரரும் பேச முடியும். சங்கமும் அங்கே வந்து தன் கருத்தை வைக்கட்டும்.

இங்கிலாந்தில் கட்டட விண்ணப்பம் வந்தால் அக்கம்பக்கத்தார் கருத்துக்கு 21 நாள் தருகிறார்கள். முடிவு உள்ளாட்சியுடையதே. 2024 ஆகஸ்ட்டில் மாநகராட்சியான திருவண்ணாமலை, பெரிய கட்டடங்களுக்கு இதையே செய்து பார்க்கலாம். நான்கே கேள்விகள் போதும்: தண்ணீர் எங்கிருந்து? கழிவுநீர் எங்கே போகும்? பௌர்ணமி அன்று வண்டிகள் எங்கே நிற்கும்? மலையிலிருந்து வரும் ஓடை மறிக்கப்படுகிறதா? யார் குடிவருவார்கள் என்ற கேள்விக்கு அங்கே இடமே கிடையாது. பதிவான கருத்தை ஏற்றாலும் மறுத்தாலும், அதிகாரி காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 21 நாளில் எதுவும் வராவிட்டால் கோப்பு நகரட்டும். பில்டருக்கும் இதில் லாபம் உண்டு. பாதிக் கட்டடத்தில் தடை வாங்குவதைவிட மூன்று வாரம் காத்திருப்பது செலவு குறைவு.

இன்றைக்கு நீங்கள் செய்யக்கூடியது

கட்டுமான இடத்தில் அனுமதி விவரப் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அடுத்த ஏரியா சபைக் கூட்டம் என்றைக்கு என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். இந்த நான்கு கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். போகும்போது எதிர் வீட்டில் வாடகைக்கு இருப்பவரையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள்.