ஒளியிழையில் நம் உரிமை எங்கே?

மின்னாற்றலுக்கும் குடிநீருக்கும் அடுத்தபடியாக, இற்றைத் தமிழன் திங்கள்தோறும் தவறாமற் செலுத்தும் கட்டணம் ஒன்று உண்டு. அஃது இணையக் கட்டணம். மக்கள் ‘பிராட்பேண்டு’ என்றும், கேபிள்காரர் ‘பைபர்’ என்றும் வழங்கும் விரைவிணையம், மயிரிழையளவே பருமனுள்ள கண்ணாடியிழைக்குள் ஒளியாய் ஓடி நம் வீடு வந்து சேர்கின்றது. அவ்வொளிக்கு விலை கொடுப்பார் நாம். அவ்விழையையும், அதன் இருமுனையிலும் ஒளியை ஏற்றி இறக்கும் கருவிகளையும் ஆக்கி உடைமை கொண்டார் யார்? இவ்வினாவை நம்மவர் கேட்பதில்லை. வாழ்த்தொலியும் கொடியேற்றமும் மட்டுமே தமிழ்த்தொண்டு என்றிருப்பார்க்கு இது புறம்பான செய்தியாகத் தோன்றலாம். பொருளுரிமை இல்லாத இனத்திற்கு மொழியுரிமையும் நெடுநாள் நில்லாது என்பதை உணர்ந்தார்க்கு இது தலையாய செய்தியே.

2011-இல் திருப்பூர் மாநகரோடு இணைக்கப்பெற்ற எம் நெருப்பெரிச்சலையே எடுத்துக்கொள்வோம். இங்குள்ள சிறு பின்னலாடைக் கூடமும் இன்று இணையமின்றி இயங்காது. ஐரோப்பியக் கொள்முதலார் விடுக்கும் வடிவமும் நிறக்குறிப்பும் அளவுப் பட்டியலும் அவ்வழியே வருகின்றன. ஏற்றுமதித் தாள்களும் வங்கிக் கணக்கும் அவ்வழியே செல்கின்றன. இழை அறுந்தால் அலுவலகம் கைகட்டி நிற்கும். ஆண்டுக்கு 40,000 கோடி உருபாவிற்கு மேல் ஏற்றுமதி செய்யும் திருப்பூர், நூலிழைக்குத் தலைவன். ஒளியிழைக்கோ வெறும் வாடிக்கையாளன்!

உடைமையாளர் யாவரெனக் காண்போம். 2020-ஆம் ஆண்டில் அமெரிக்க முகநூல் நிறுவனம் 43,574 கோடி உருபா ஈந்து, அம்பானியாரின் சியோ குழுமத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் வாங்கிற்று. அவ்வாண்டே கூகுள் 33,737 கோடி இட்டு ஏழே முக்காற் பங்கு அளவில் வாங்கிற்று. சென்னைக் கடற்கரையினின்று சிங்கப்பூருக்கு 2002-இல் கடலடி வடம் இட்டவர் தில்லி ஏர்டெல் குழுமத்தாரும் சிங்கப்பூர்த் தொலைத்தொடர்பு நிறுவனத்தாரும் ஆவர். சென்னையையும் அந்தமானையும் இணைத்து 2020-இல் திறக்கப்பெற்ற வடம் நடுவணரசின் பணத்தில் ஆயது. அதனைப் பதித்தது சப்பான் நாட்டு நிறுவனம். துறை நமது, சுங்கம் பிறரது. கடலோடித் திரைகடற் செல்வம் கொணர்ந்த இனத்திற்கு இந்நிலை பெருமை தருவதாகுமா?

தமிழ்நாட்டில் இதற்குரிய அறிவு இல்லையோ எனின், இருந்தது, இருக்கின்றது. 1990-களில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் அசோக் சுன்சுன்வாலா குழுவினரும், அக்கழக மாணவர் தொடங்கிய மைடாசு நிறுவனமும், ஓர் அமெரிக்கச் சில்லு நிறுவனத்தோடு கூடிக் ‘கார்டெக்ட்’ என்னும் கம்பியில்லாத் தொலைத்தொடர்பு அமைப்பை ஆக்கினர். ஊர்ப்புறத்திற்குக் கம்பியிழுக்கும் பெருஞ்செலவின்றி, ஒரே இணைப்பிற் பேச்சும் இணையமும் ஒருங்கே செல்ல அது வழிசெய்தது. 2001-இல் மதுரை மாவட்ட மேலூர் வட்டத்துச் சிற்றூர்களில் இணையக் கடைகள் திறக்கப்பெற்றது அதன் துணைகொண்டே. வெளிநாடுகளுக்கும் அது சென்றது. பின்னர் நேர்ந்தது என்ன? கைப்பேசி அலை பெருகிற்று. அயல்நாட்டுக் கருவிகள் மலிவாய்க் குவிந்தன. மேலூர்க் கடைகளுட் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. அடுத்த தலைமுறைக் கருவிக்கு ஆய்வு நடத்தப் பத்தாண்டு பொறுத்திருக்கும் பெருமுதல் நம்மவரிடமிருந்து வரவில்லை. மரம் பட்டது விதையின் குற்றத்தாலன்று, நீரூற்றுவார் இல்லாமையால்.

சென்னைத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்று, ஒளியிழைத் துறையில் உலகறிந்த நூலெழுதிய குமார் சிவராசன் முதலானோர் 2000-இல் தொடங்கிய தேசசு நெட்வொர்க்சு நிறுவனமும் பிறந்தது பெங்களூரில். அந்நிறுவனத்தின் பெரும்பங்கை 2021 முதல் டாட்டா குழுமம் கையகப்படுத்தியது. 2025 செப்டம்பரில் திறக்கப்பெற்ற பி.எசு.என்.எல்.-இன் உள்நாட்டு நான்காம் தலைமுறை வலையத்திற்கு அலைபரப்புக் கருவி ஈந்தது அதுவே. கற்றது சென்னையில், முளைத்தது பெங்களூரில், முதலாளியோ மும்பையில்!

நம்மவர் பொருளெல்லாம் எங்கே செல்கின்றது? பெரும்பகுதி நிலத்திலும் பொன்னிலும் முடங்கிக் கிடக்கின்றது. மிஞ்சியதைப் பேராசை கொள்ளையடிக்கின்றது. திருப்பூரை நடுவாகக் கொண்டு அயற்பண வணிகமெனச் சொல்லி நடந்த ‘பாசி’ மோசடியில் மக்கள் இழந்தது ஏறத்தாழ 930 கோடி உருபா. 2022-இற் கோவை வழக்குமன்றம் குற்றவாளியர்க்கு 27 ஆண்டுச் சிறை விதித்தது. போன பணம் மீண்டதோ? இவற்றாற் சூடுகண்ட கொங்கு மக்கள் ‘முதலீடு’ என்னும் சொல்லையே அஞ்சுகின்றனர். அச்சம் இயல்பே. ஆயின் ஏமாற்றுக்காரனுக்கு 930 கோடி கொடுத்த கைகள், அறிஞனுக்கு ஒன்பது கோடி கொடுக்கவும் தயங்குவது அறிவுடைமையாகாது.

இத்துறையில் இடரே இல்லையென யாம் சொல்லோம். வேகவிணையம் உலகை ஆளுமென நம்பி, கடலடியிலும் நிலத்தடியிலும் தேவைக்குமேல் இழை புதைத்த அமெரிக்கப் பெருநிறுவனங்களாகிய குளோபல் கிராசிங்கும் வேர்ல்டுகாமும் 2002-இல் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்தன. புதைத்த இழை பின்னாளிற் பயன்பட்டது, பணமிட்டவன் பயன்பெறவில்லை. தமிழ்நாட்டில் 1999-இல் தொடங்கிய ஏர்செல், 2006-இல் மலேசிய நிறுவனத்தின் கைக்குப் போய், 2018-இல் நொடிந்தது. தேசசு பங்கின் விலையும் 2024-இல் ஏறி, 2025-இற் பெரிதும் இறங்கியது. நம் திருப்பூரிலேயே சான்றுண்டு. பவானி ஆற்று நீரை நாளொன்றுக்கு 18½ கோடி லிட்டர் கொணர, ஏற்றுமதியாளர் சங்கமும் பங்குகொண்டு ஆயிரங் கோடிச் செலவிற் குழாய்த்திட்டம் கண்டோம். 2011-இற் சாயப்பட்டறைகள் உயர்வழக்குமன்ற ஆணையால் மூடப்பட்டபோது, நீர் வாங்குவார் குறைந்து அத்திட்டம் கடனில் தத்தளித்தது. குழாயாயினும் இழையாயினும் ஒன்றே: வாங்குவாரை எண்ணாது இட்ட முதல் வற்றும்.

ஆதலின் முதலிடுவோர் மூன்று செய்திகளை ஆய்க. அந்நிறுவனம் கருவியைத் தானே ஆக்குகின்றதா, அன்றி அயலார் கருவியை வாங்கி இணைப்பு மட்டும் விற்கின்றதா? ஈட்டத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் ஆய்விற்கு ஒதுக்குகின்றதா? கடன் தலைக்குமேல் ஏறியுள்ளதா? இம்மூன்றும் ஆண்டறிக்கையிற் காணக்கிடப்பன. கடன் வாங்கி முதலிடற்க. மகள் திருமணத்திற்கும் மகன் கல்விக்கும் வைத்ததை இதிற் போடற்க. இழந்தாலும் அடுப்பெரியும் என்னும் அளவிற்குட்பட்ட பொருளை, பத்தாண்டு திரும்பிப் பாராத உறுதியோடு இடுக.

சிறுவர் பொருள் சிறிதே. பெருஞ்செயலை அரசும் ஆலையாளரும் தலைமேற்கொள்ளல் வேண்டும். தமிழக அரசின் டிட்கோ நிறுவனம் 1984-இல் டாட்டாவோடு கூடி டைட்டான் கடிகாரத் தொழிலை ஓசூரிற் கண்டது. அதில் டிட்கோ கொண்ட நூற்றுக்கு ஏறத்தாழ 28 பங்கு இன்று பல்லாயிரங் கோடி பெறும். கடிகாரத்திற்குக் கைகொடுத்த அரசு, ஒளியிழைக் கருவிக்கு ஏன் கைகொடுத்தல் கூடாது? ஏறத்தாழ 1,815 கோடிச் செலவில் 12,525 ஊராட்சிகளை இணைக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டது. அத்தகைய கொள்முதலில் ஒரு பங்கேனும் தமிழ்நாட்டில் ஆய்ந்து ஆக்கிய கருவிக்கென ஒதுக்கப்படின், வாங்குவார் இல்லையே என்னும் பேரிடர் நீங்கும். வாங்குவார் உண்டெனின் முதலிடுவார் தாமே வருவர். கழிவுநீர்த் தூய்மைக்குப் பட்டறைகள் பல கூடிப் பொதுநிலையம் கண்ட திருப்பூர் ஆலையாளர்க்குக் கூட்டு முதல் திரட்டுவதும் புதிதன்று. தரமணி ஆராய்ச்சிப் பூங்காவில் நம் பிள்ளைகள் தொடங்கும் நிறுவனங்களைத் தேடிச் சென்று அவர்கள் பங்குகொள்ளட்டும். பங்குடையவன் சொல் அவையேறும்: கருவியின் திரையிலும் கையேட்டிலும் கட்டணத் தாளிலும் தமிழ் வேண்டுமெனக் கேட்க வாடிக்கையாளனாற் கெஞ்ச மட்டுமே இயலும்; பங்குடையவன் ஆணையிடலாம்.

தமிழ்மக்காள்! பருத்தியை விற்று ஆடையை வாங்கிய அடிமை நாள் நமக்கு மறந்துபோகவில்லை. அக்கொடுமையை எதிர்த்துத் தூத்துக்குடியில் 1906-இற் கப்பற் குழுமம் கண்ட வ.உ.சிதம்பரனார், கப்பலுக்கு வேண்டிய முதலைப் பங்குகளாகவே மக்களிடம் திரட்டினார். இன்று அறிவை விற்று ஒளியை வாங்குகின்றோம். அன்று கடல்வழி, இன்று ஒளிவழி. வழிக்கு உரிமை கொள்ளாதவன் எவ்வூர்க்குப் போயினும் பிறன் வண்டியிலேயே போவான். நம் பொருள், நம் அறிவு, நம் மொழி மூன்றையும் ஓரிழையாய் முறுக்குவோம்!