கண்டென்சருக்கும் ஆயுள் உண்டு

புனேயில் ஏப்ரல், மே வந்தால் வெயில் 40 டிகிரியைத் தொடும். அப்போது பார்த்து செட்டாப் பாக்ஸ் படுத்துவிடும், ஃபேன் நடை பழகும். இங்கத்திய மராத்தி மெக்கானிக்கும் சரி, நம்ம ஊர் எலக்ட்ரீஷியனும் சரி, சொல்வது ஒன்றுதான்: "கண்டென்சர் போச்சு". ஏன் போச்சு என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

செட்டாப் பாக்ஸ், அடாப்டர் இவற்றில் இருப்பது எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர். அதற்குள் இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல மெல்ல வற்றும். தோராயக் கணக்கு: சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு. 85 டிகிரியில் 2000 மணி நேரம் உழைக்கும் சரக்கு, 65 டிகிரியில் 8000 மணி நேரம் தாங்கும். இடைவிடாமல் ஓடினால் 11 மாதம், அவ்வளவுதான். அதே 2000 மணி நேரத்தை 105 டிகிரியில் தாங்கும் சரக்கு என்றால், மூன்றரை வருஷத்துக்கு மேல்! விலை வித்தியாசம் சொற்பம். அதை மிச்சம் பிடிப்பது கம்பெனி, தண்டம் அழுவது நாம்.

பெரிய கம்பெனிகளும் இதில் சூடு பட்டிருக்கின்றன. 2000-களின் தொடக்கத்தில் மட்டமான திரவம் ஊற்றிய கெபாசிட்டர்கள் தலை உப்பி, உலகம் முழுக்க மதர்போர்டுகளைக் காவு வாங்கின. ஆப்டிப்ளெக்ஸ் கம்ப்யூட்டர்களுக்காக டெல் நிறுவனம் 2005-ல் சுமார் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது.

ஃபேன் கண்டென்சர் வேறு ரகம். பிளாஸ்டிக் ஃபிலிம் மேல் மெல்லிய உலோகப் பூச்சு. வோல்டேஜ் எகிறும்போதெல்லாம் பூச்சு அங்கங்கே கருகி, மதிப்பு குறைந்துகொண்டே வரும். மாற்றும்போது பழையதில் போட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரட் (பெரும்பாலும் 2.5), வோல்ட் அதே அல்லது கூடுதல். வேகமாகச் சுற்றட்டும் என்று 4 மாட்டினால் காயில் சூடாகும்.

செட்டாப் பாக்ஸுக்குத் துணி போர்த்தாதீர்கள், காற்று வேண்டும். மைக்ரோவேவ் அவனை மட்டும் நீங்களாகத் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் 2000 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம், ஆளையே கொல்லும். ஊருக்குப் போன் பேசும்போது, எதையும் கழற்றிப் பார்க்கும் அப்பாக்களிடமும் சொல்லி வையுங்கள்.

எல்இடி பல்பு அட்டையில் 25,000 மணி நேரம் என்று ஜம்பமாகப் போடுகிறார்கள். பல சமயம் முதலில் சாவது எல்இடி இல்லை, டிரைவரில் இருக்கும் கெபாசிட்டர். அது எத்தனை டிகிரி, எத்தனை மணி நேரம் என்பதையும் அட்டையில் போட்டால் என்ன குறைந்துவிடும்? மாத்திரைக்குக் காலாவதி தேதி பார்த்து வாங்குகிறோமே, இதற்கும் பார்த்து வாங்குவோம்.