மூக்குச் சளியும் மருந்துப் புட்டியும்

நம் தீவுகளில் மே மாதப் பிற்பகுதியில் பருவமழை இறங்கிவிட்டால், ஆண்டு முடியுமட்டும் ஈரம் அகல்வதில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் சுவரெல்லாம் பூஞ்சணம் பூப்பதும், பிள்ளைகள் மூக்கை உறிஞ்சுவதும் வியப்பன்று. நான் மருத்துவனல்லேன், இரயில்வே எழுத்தன். எனினும் மருத்துவர்கள் கூறும் சில செய்திகளை நம் குடும்பத்தார் அறிந்திருத்தல் நலம்.

சளி தன்னளவில் நோயன்று. மூக்கின் உட்சவ்வில் நாள்தோறும் சுரந்து, தூசியையும் கிருமிகளையும் பற்றிக்கொண்டு, தொண்டை வழியே உள்ளிறங்கும் காவல் நீர் அது. அளவு மிகும்போதுதான் நாம் அதனை உணர்கிறோம்.

மிகுவதற்குக் காரணங்கள் பல. முதலாவது ஜலதோஷம். இதனை உண்டாக்கும் வைரசுகள் 200க்கும் மேற்பட்டவை. பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானே தணியும். ஆன்டிபயாடிக் மாத்திரை வைரசைக் கொல்லாது. சளி பச்சையாயிற்று என்பதற்காக மட்டும் அதனை விழுங்குதல் வீண். இரண்டாவது ஒவ்வாமை. காய்ச்சலின்றி அடுக்குத் தும்மலும், மூக்கு நமைச்சலும், நீர்போன்ற ஒழுக்கும் இதன் அடையாளங்கள். பூஞ்சணத்தைத் துடைத்தல், தலையணையை வெயிலில் காயவைத்தல், விரிப்புகளை வெந்நீரில் துவைத்தல் ஆகியவை பயன் தரும். குழந்தைக்கு ஒரு மூக்குத் துளையில் மட்டும் நாற்றமுள்ள சளி வடியுமாயின், புளியங்கொட்டையோ மணியோ உள்ளே சிக்கியிருக்கலாம். வீட்டில் குடைந்து எடுக்க முயலாதீர்.

உப்பு நீரால் மூக்கைக் கழுவுவோர், நன்கு கொதித்து ஆறிய நீரையே கொள்க. மூக்கின் வழி மூளையை அடையும் அமீபாவால் 2024, 2025 ஆண்டுகளில் கேரளத்தில் பலர் மாண்டனர். மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் விட்டால், அடைப்பு முன்னினும் மிகும். கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும் கற்பூரம் தடவுவதும் ஆபத்து. எண்ணெய் நுரையீரலைக் கெடுக்கும், கற்பூரம் வலிப்பை வருவிக்கும்.

ஒன்றை வற்புறுத்துவேன். சென்னையிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொணரும் சளிமருந்துப் புட்டியைப் பிள்ளைகளுக்கு ஊற்றிக் கொடாதீர். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' என்னும் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்தமையால், 2025இல் மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டனர். இரண்டு வயதுக்குட்பட்டோர்க்கு இருமல், சளி மருந்துகள் கூடாதென்றும், ஐந்து வயதுக்குட்பட்டோர்க்குப் பொதுவாக வேண்டியதில்லையென்றும் மத்திய அரசு அவ்வாண்டு அக்டோபரில் அறிவுறுத்தியது.

பத்து நாளுக்கு மேல் நீடித்தாலும், கடுங்காய்ச்சலோ முகவலியோ மூச்சுத்திணறலோ கண்டாலும், தலையில் அடிபட்டபின் தெளிந்த நீர் மூக்கில் வடிந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தையோ ஜி.பி. பந்த் மருத்துவமனையையோ உடனே அடைக. மற்றபடி வெதுவெதுப்பான கஞ்சியும், ஓய்வும், சற்றுப் பொறுமையும் போதும்.