வாரண்டிக்குப் பிறகும் வண்டி ஓட வேண்டாமா?

கார் லோன் ஏழு வருஷம். ஆர்.சி.யில் பதிவு 15 வருஷத்துக்கு. அந்தப் பதினைந்து வருஷத்துக்கான சாலை வரியைத் தமிழ்நாடு அரசு முதல் நாளே மொத்தமாக எண்ணி வாங்கிக்கொள்கிறது. வங்கியும் அரசும் இந்த வண்டி நெடுநாள் ஓடும் என்று நம்பித்தான் கணக்குப் போடுகின்றன. வண்டியைச் செய்தவர் மட்டும் பெரும்பாலும் மூன்று வருஷம் அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டரோடு கைகழுவிவிடுகிறார். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்டு என்கிறார்.

பத்து லட்சம் ரூபாயைப் புரட்டிக்கொண்டு ஷோரூமுக்குப் போனால் என்னென்னவோ காட்டுகிறார்கள். தொடுதிரை எத்தனை அங்குலம், சீட்டுக்குள் காற்று வருமா, சன்ரூஃப் குரலுக்குத் திறக்குமா... "தம்பி, இந்த இன்ஜின்ல டைமிங் செயினா, பெல்ட்டா?" என்று கேட்டால் டை கட்டிய பிள்ளை ஒரு சிரிப்புச் சிரிக்கிறது. "வாரண்டி இருக்கே சார், நீங்க ஏன் கவலைப்படறீங்க?" கவலையே வாரண்டி முடிந்த மறுநாளிலிருந்துதான் ஆரம்பம் என்பதை அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது?

இன்றைய சின்ன இன்ஜின்மேல் இவ்வளவு சுமை ஏறியதில் வரிக்குப் பெரிய பங்கு உண்டு. நீளம் நான்கு மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால் சிறிய கார். 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அந்த எல்லையைத் தாண்டினால் 40. எல்லைக்கோடு அங்கேயே நிற்க, வண்டி மட்டும் உயரத்திலும் எடையிலும் ஊதிக்கொண்டே போகிறது. மாருதி 800 சுமார் 650 கிலோ எடை, 796 சிசி, 37 குதிரைத்திறன். இன்று நான்கு மீட்டருக்குள் அடங்கும் எஸ்யூவிகளில் பல 1,100 கிலோவைத் தாண்டிவிடுகின்றன. அதை இழுக்க ஒரு லிட்டர் மூன்று சிலிண்டரில் டர்போவை மாட்டி 120 குதிரைத்திறன்வரை பிழிகிறார்கள். சின்னக் குக்கரில் பந்திக்குச் சமைக்கிற கதைதான்.

டர்போவின் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. அதைக் காப்பாற்றுவதும் இன்ஜினுக்குள் ஓடும் அதே ஆயில்தான். அந்த ஆயிலும் மைலேஜுக்காக மெலிந்துகொண்டே வருகிறது. ஒரு காலத்தில் 20டபிள்யூ-50 ஊற்றிய ஊரில் இப்போது 0டபிள்யூ-20. சில இன்ஜின்களுக்கு 0டபிள்யூ-16. இதில் வேடிக்கை கையேடுதான். 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றினால் போதும் என்று முன்னால் எழுதியிருக்கும். பின்னால் பொடி எழுத்தில், 'கடுமையான பயன்பாடு' என்றால் அதற்கு வெகு முன்பே மாற்றவும் என்றிருக்கும். எதெல்லாம் கடுமையான பயன்பாடு? குறுகிய தூரம், நெரிசல், தூசு, வெயில். அதாவது அண்ணா சாலை! சென்னையிலும் மதுரையிலும் ஆபீசுக்கு வண்டி எடுக்கிற அத்தனை பேரும் இந்தக் கணக்கில்தான் வருவோம். ஒரு சர்வீஸ் அட்வைசர்கூட இதைத் தானாக எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

வடிவமைப்பில் ஒரு முடிவு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஐரோப்பாவில் பியூஜோ, சிட்ரோயன் கார்களில் வந்த 1.2 லிட்டர் பியூர்டெக் இன்ஜினைப் பார்க்கலாம். ரப்பர் டைமிங் பெல்ட்டை இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓடவிட்டார்கள். உராய்வு குறையும், சத்தம் குறையும், மைலேஜ் கூடும். காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் இன்ஜின் சூடேறுவதற்குள் முடிந்துவிடும் குறுகிய ஓட்டங்களில் பெட்ரோல் ஆயிலோடு கலந்தது; ரப்பர் ஊறி உதிர்ந்தது; உதிர்ந்த துணுக்குகள் ஆயில் பம்ப்பின் சல்லடையை அடைத்தன. ஆயில் பிரஷர் போனால் இன்ஜின் போச்சு. வாடிக்கையாளர்கள் விடாமல் போராடிய பிறகு, 2024-இல் அவற்றின் தாய்க் கம்பெனியான ஸ்டெல்லாண்டிஸ் 10 ஆண்டு அல்லது 1,75,000 கிலோமீட்டர் வரை பொறுப்பை ஏற்றுக்கொண்டது. ஹைபிரிட் காருக்காகத் திருத்திய அதே 1.2 இன்ஜினில் செயினுக்கே திரும்பிவிட்டார்கள்.

கெட்டால் சரிசெய்ய முடியுமா என்பது அடுத்த வயிற்றெரிச்சல். முன்பெல்லாம் வண்டி ஆயில் குடித்துப் புகை தள்ளினால் இன்ஜினை இறக்கி, லேத்தில் ரீபோர் செய்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு இன்னும் பல வருஷம் ஓட்டினோம். இப்போது சில அலுமினிய பிளாக்குகளில் சிலிண்டருக்கு லைனரே கிடையாது. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இரும்புப் பூச்சு மட்டும். அதில் ஆழமாகக் கீறல் விழுந்தால் லேத்துக்காரர் கையை விரிக்கிறார். "பிளாக்கையே மாத்திடுங்கண்ணே" என்கிறார், ஏதோ பல்பு மாற்றுவதுபோல.

பழையதெல்லாம் தங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. பத்மினி காரில் கொடைக்கானல் ஏறி, பாதி வழியில் பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியவர்களுக்கு அந்தக் காலத்தின் அருமை தெரியும். இன்றைய உலோகமும் துல்லியமும் மேல். புகையும் எவ்வளவோ குறைவு. நீண்ட நாள் உழைக்கும் இன்ஜினைச் செய்யத் தெரியாதவர்களும் இல்லை. டாக்சிக்காரர்கள் எதைத் தேடி வாங்குகிறார்கள் என்று கவனியுங்கள்: டர்போ இல்லாத சாதா 1.2 பெட்ரோல், கூடவே சிஎன்ஜி. தினம் வண்டியை ஓட்டிச் சாப்பிடுகிறவன் சன்ரூஃபில் மயங்குவதில்லை.

மோதினால் தாங்குமா என்பதற்கு நட்சத்திரம் போட 2023-இல் பாரத் என்கேப் வந்தது. ஷோரூமில் இப்போது பெரியவர்கள்கூட "எத்தனை ஸ்டார்?" என்று கேட்கிறார்கள். இன்ஜின் எத்தனை நாள் தாங்கும் என்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை. நட்சத்திரம்கூட வேண்டாம். டைமிங் பெல்ட் எத்தனை கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், டர்போ போனால் என்ன விலை, பிளாக்கை ரீபோர் செய்ய முடியுமா முடியாதா என்ற மூன்று வரியை விலைப்பட்டியலின் கீழே அச்சடிக்கச் சட்டம் போட்டால் போதும். அது வரும்வரை, புக்கிங் பணம் கட்டுவதற்கு முன் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் வேறு கம்பெனியைப் பாருங்கள்.